விக்கலையும் கேட்டு எழுதுகிறவர்கள்

பதுளையில் எம்.ஆர்.ஐ. அறை வாசலில் போட்டிருந்த வாங்கில் அன்று பசறை, மடுல்சீமை, நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டத்து ஆட்களே அதிகம். காந்த அறைக்குள் விடுமுன் ஒவ்வொருவரையும் ரேடியோகிராபர் உட்கார வைத்து விசாரித்தார். இயந்திரத்தைவிட அந்த விசாரணையைத்தான் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஃபெக்டரியில வேலையா ஐயா? கிரைண்டர் புடிச்சிருக்கீங்களா? கண்ணுல இரும்புத்தூள் ஏதும் பட்டிருக்கா?"

கவ்வாத்துக் கத்தி தீட்டியவரின் கண்ணுக்குள் பழைய இரும்புத் துணுக்கு தங்கியிருந்தால், காந்தம் அதை அசைத்துப் பார்வையையே பறித்துவிடலாம். சந்தேகம் என்றால் முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே. படிவத்திலும் இந்தக் கேள்வி உண்டு. ஆனால் 'இல்லை' என்று கோடு போட்டுவிட்டு வருகிறவர்கள், செய்யும் வேலையைச் சொல்லிக் கேட்டால்தான் யோசிக்கிறார்கள்.

அடுத்து, கொழுந்தெடுக்கும் ஒரு பெண். ஒரு கண் மங்கிவிட்டது. கால்கள் மரத்துப் போயிருந்தன. கொண்டு வந்த துண்டில் மூளை ஸ்கேன் என்று மட்டும் எழுதியிருந்தது.

"வாந்தி, விக்கல் ஏதாவது இருந்துச்சா அக்கா?"

"போன மாசம் விக்கல் நிக்கவே இல்ல மிஸ். கேஸ்ட்ரைட்டிஸ்னு மருந்து குடுத்தாங்க."

ரேடியோகிராபர் அதைக் குறித்துக்கொண்டு ரேடியோலஜிஸ்டை அழைத்தார். பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் சேர்த்தே எடுப்பதென்று முடிவாயிற்று.

கண்ணையும் காலையும் தாக்கும் அழற்சி நோய்களில் மூன்று, வெளியிலிருந்து பார்த்தால் உடன்பிறப்புகள் போலிருக்கும். மல்டிபிள் ஸ்க்லிரோசிஸில் மூளையின் நீர் அறைகளை ஒட்டி முட்டை வடிவ வெண்புள்ளிகள் செங்குத்தாக நிற்கும். சிறு நாளங்களைப் பற்றிக்கொண்டு அவை பரவுவதை 1916இல் ஸ்கொட்லாந்து நோயியலாளர் ஜேம்ஸ் டோசன் விவரித்தார். 'டோசன் விரல்கள்' என்ற பெயர் அதனால் வந்தது. நீரின் வெண்மையை அடக்கிக் காட்டும் ஃப்ளேர் படத்தைப் பக்கவாட்டு வெட்டாக எடுத்தால் அந்த விரல்கள் நன்றாகத் தெரியும். எந்த வெட்டை எடுப்பது, எங்கே கொழுப்பின் ஒளியை அடக்குவது என்பதெல்லாம் கைத்திறன்.

இரண்டாவது, 1894இல் டெவிக் விவரித்த என்.எம்.ஓ. (நியூரோமைலிடிஸ் ஒப்டிகா). இது பெண்களையே அதிகம் தாக்குகிறது. இதில் மூளைப் படம் சுத்தமாகவே இருந்துவிடலாம். தண்டுவடத்தில்தான் மூன்று முள்ளெலும்பு நீளத்துக்கும் மேல் வீக்கம் ஓடும். மூளைத்தண்டின் வாந்தி மையத்தில் புண் வந்தால் நாட்கணக்கில் விக்கல் எடுக்கும். வயிற்று மருந்து அதற்குக் கேட்காது. 2004இல் வாண்டா லெனன் குழுவினர் இந்நோய்க்குரிய எதிர்ப்பொருளை இரத்தத்தில் கண்ட பிறகே இது தனி நோய் என்பது உறுதிப்பட்டது.

மூன்றாவது மொக் (MOG) எதிர்ப்பொருள் நோய். பிள்ளைகளின் மூளையில் ஓரம் மங்கிய பெரிய திட்டுகளாக வரும். பார்வை நரம்பின் முன்பகுதி நீளமாக வீங்கும். இதற்கான சர்வதேச வரையறை 2023இல்தான் வந்தது. இலங்கை நோயாளிகளிடம் என்.எம்.ஓ. எதிர்ப்பொருளைவிட மொக் எதிர்ப்பொருளே அதிகம் காணப்பட்டதாக மருத்துவர் பிம்சர சேனாநாயக்க உள்ளிட்டோர் 2019இல் எழுதினார்கள். மேல்நாட்டுப் பாடப்புத்தகத்தை மட்டும் நம்பி இங்கே படம் பார்க்க முடியாது.

பிரித்தறியாவிட்டால் ஆபத்து பெரிது. மல்டிபிள் ஸ்க்லிரோசிஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரோன் பீட்டா, ஃபிங்கோலிமொட் போன்ற மருந்துகள் என்.எம்.ஓ.வை மோசமாக்கும். ஆகவே துண்டெழுதி அனுப்புகிறவர்கள் நோயாளி சொன்னதை இரண்டு வரி கூடுதலாக எழுத வேண்டும். தோட்டத்து ஆட்கள் வரும் ஸ்கேன் அறை ஒவ்வொன்றிலும் தமிழில் கேட்டறியும் ஒருவர் இருக்க வேண்டும். இதைச் சலுகையாக நான் நினைக்கவில்லை. நோயறிதலில் பாதி அதுதான்.

உள்ளே இயந்திரம் தடதடத்தது. அசைந்தால் படம் கலங்கிவிடும். "இன்னும் அஞ்சு நிமிஷம் அக்கா, கழுத்த ஆட்டாதீங்க" என்று ரேடியோகிராபர் மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். கழுத்துத் தண்டுவடத்தில் நான்கு முள்ளெலும்பு நீளத்துக்கு வெண்கோடு தெரிந்தது. எதிர்ப்பொருள் சோதனைக்கு இரத்தம் எடுக்கச் சொன்னார்கள். முடிவுக்குக் காத்திராமல் ஸ்டீரோய்ட் ஏற்றத் தொடங்குவதாகவும் பேச்சு.

திரும்பவும் படம் எடுக்க வேண்டும் என்றதும் அந்தப் பெண்ணின் முகம் மாறியது. ஒரு நாள் வந்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். ரேடியோகிராபர் பழைய படங்களை ஈரம் படாமல் வைத்து, வரும்போது மறக்காமல் கொண்டுவரச் சொன்னார். புதிய புள்ளி எது, மறைந்தது எது என்று பார்க்க அவை வேண்டும். பிறகு, கிளினிக் நாளிலேயே ஸ்கேனையும் போட முடியுமா என்று கேட்க டெலிபோனை எடுத்தார்.