போதையில் தொலைந்த கபாலம்... காஞ்சிபுரத்தின் 1,400 வருடப் பழைய கூத்து!

இந்தக் கதை உங்கள் வாட்ஸ்அப்புக்கும் ஒருமுறையாவது வந்திருக்கும். வெளியூர் போன இளைஞன், பாரில் முன்பின் தெரியாத ஒருவருடன் சேர்ந்து குடிக்கிறான். கண் விழித்தால் ஐஸ் நிரப்பிய தொட்டியில் கிடக்கிறான். ஒரு கிட்னியைக் காணோம்! அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் இந்த வதந்தி காட்டுத்தீயாகப் பரவ, அப்படி ஒரு சம்பவமே நடக்கவில்லை என்று 1997-ல் போலீஸே அறிக்கை விட வேண்டியிருந்தது. ஆனாலும் கதை மட்டும் சாகவில்லை.

குடித்துவிட்டு ஊர் சுற்றியவன் எதையோ பறிகொடுத்த கதை நம்மிடமும் இருக்கிறது. நடக்கும் இடம், பட்டுக்குப் பெயர்போன காஞ்சிபுரம். எழுதியவர் அந்த ஊரை ஆண்ட ராஜா!

பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் 7-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற சிரிப்பு நாடகம்தான் அது. 'மத்தவிலாசன்' என்பது அவருடைய பட்டப்பெயர்களில் ஒன்று. போதையில் களிப்பவன் என்று பொருள். தன் பட்டத்தையே குடிகாரனின் கதைக்குத் தலைப்பாக வைக்க ஒரு ராஜாவுக்குத் தனி தைரியம் வேண்டும்.

கதாநாயகன் சத்தியசோமன், ஒரு காபாலிகன். மண்டையோட்டில் பிச்சை வாங்கிச் சாப்பிடும் சிவனடியார்கள் காபாலிகர்கள். துணைவி தேவசோமையுடன் காஞ்சித் தெருக்களில் தள்ளாடி வருகிறான். போதையில் அவள் பெயரையே மாற்றிக் கூப்பிட்டுவிட, அவளுக்குக் கோபம் வருகிறது. 'இனி குடிக்கவே மாட்டேன்' என்கிறான் அவன். அவள் பதறிப்போய், 'எனக்காக உங்கள் விரதத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்' என்று தடுக்கிறாள்!

அடுத்த கள்ளுக்கடை வாசலில் பிச்சை கேட்டுக் கை நீட்டும்போதுதான் தெரிகிறது, கபாலத்தைக் காணோம். அப்போதைக்கு ஒரு மாட்டுக்கொம்பில் கள்ளை வாங்கிக்கொள்கிறான். ஆனாலும் கபாலம் இல்லாதவன் காபாலிகனே இல்லையே? அவன் சோறும் விரதமும் அதில்தான். அதில் வறுத்த இறைச்சி வேறு இருந்தது. எடுத்தது நாயாக இருக்கும், இல்லாவிட்டால் ஒரு புத்த பிக்குவாக இருக்கும் என்று முடிவுகட்டுகிறான்.

அந்த நேரம் பார்த்து நாகசேனன் என்ற பிக்கு, உடைக்குள் பாத்திரத்தை மறைத்துக்கொண்டு வருகிறார். அவர் மறைத்தது, செல்வந்தர் வீட்டில் கிடைத்த விருந்துச் சாப்பாட்டை. போதையில் இருப்பவனுக்கு அது போதாதா? 'திருடன்' என்று பிடித்துக்கொள்கிறான். கைகலப்பில் விழுந்த தேவசோமையைத் தூக்கிவிட பிக்கு கை கொடுக்க, 'பெண்ணின் கையைப் பிடித்தான்' என்று புதுக் குற்றச்சாட்டு கிளம்புகிறது. பஞ்சாயத்துக்கு வந்த பாசுபதர் முன்னால் பிக்கு தன் பாத்திரத்தைக் காட்டினாலும் காபாலிகன் நம்புவதாக இல்லை. நீதிமன்றம் போகலாம் என்று பேச்சு எழுகிறது. 'விகாரைகளின் பணத்தைக் கொட்டி இவர் வாயை அடைத்துவிடுவார், நாம் ஏழைகள்' என்று தேவசோமை தயங்குகிறாள். தன் ஆட்சியின் நீதிமன்றத்தைப் பற்றி மன்னரே இப்படி எழுதியிருக்கிறார்!

கடைசியில் ஒரு பித்தன், நாயிடமிருந்து பிடுங்கிய கபாலத்தோடு வந்து சேர்கிறான். எல்லோரும் சமாதானமாகிறார்கள். கிட்னி கதையில் ஆபத்து முகம் தெரியாத அந்நியனிடமிருந்து வருகிறது. இங்கே தப்பு முழுக்கக் குடித்தவன் வாயில்தான். பித்தன் மட்டும் வராமல் போயிருந்தால், ஒன்றுமே எடுக்காத பிக்கு திருடனாகவே நின்றிருப்பார்.

இந்த நாடகத்தைக் கையில் வைத்துக்கொண்டு காஞ்சியைச் சுற்றினால் ஊர் வேறு மாதிரி தெரிகிறது. காபாலிகன் தங்கியிருந்தது ஏகம்பத்தில். இன்று ஏகாம்பரநாதர் சந்நிதியை நோக்கி நடந்தால் கண்ணில் படும் ராஜகோபுரம் 1509-ல் கிருஷ்ணதேவராயர் எழுப்பியது. சத்தியசோமன் பார்த்த கோயில் அதற்கும் பல நூற்றாண்டு மூத்தது. பிக்குகளின் விகாரைகள் போய்விட்டன. காமாட்சியம்மன் கோயிலில் கிடைத்த புத்தர் சிலை ஒன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கைலாசநாதர் கோயில் மகேந்திரவர்மனுக்குப் பிறகு ராஜசிம்மன் கட்டியதுதான் என்றாலும் அவசியம் போக வேண்டும். காலையில் மணற்கல் சுவர்களில் வெயில் விழும்போது, அங்குள்ள பிச்சாடனரைத் தேடிப் பாருங்கள். காபாலிகர்கள் பின்பற்ற நினைத்தது, பிரமனின் கபாலத்தோடு பிச்சைக்கு அலைந்த அந்தச் சிவனைத்தான்.

நாடகம் தமிழ்நாட்டில் மறந்துபோனாலும் கேரளத்தில் பிழைத்தது. அங்கே சாக்கியார்கள் அதைக் கோயில்களில் ஆடிவந்தார்கள், அதுவும் பிள்ளை வரம் வேண்டும் நேர்த்திக்கடனாக! 1917-ல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரி அதை அச்சில் கொண்டுவந்தார்.

இன்னும் ஓர் இடம் பாக்கி. காஞ்சியிலிருந்து பாலாற்றைத் தாண்டி வந்தவாசி போகும் வழியில் மாமண்டூர். பெரிய ஏரிக்கரையை ஒட்டிய குன்றில் பல்லவர் குடைந்த குகைகள் இருக்கின்றன. ஒரு குகையில் சிதைந்துபோன கல்வெட்டில் மத்தவிலாசத்தின் பெயர் வருகிறது. கடைகள் எதுவும் இருக்காது. தண்ணீரும் காஞ்சிபுரம் இட்லியும் கட்டிக்கொண்டு போவது நல்லது.