ஸனதும் சிமுலேட்டரும்

 

நம் பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் பல தொழில்களில் இருக்கின்றனர். அண்மைக்காலமாக விமானிகளும் அவர்களுள் உண்டு. எங்கள் லாத்தாவின் மகன் அத்தகையவர். அங்கு ஒரு நிறுவனத்தில் எட்டு ஆண்டுகள் ஏர்பஸ் ஏ320 ஓட்டியவர், தந்தையின் உடல்நலம் குன்றியதால் தாயகம் திரும்பினார். இங்கே வேலை கேட்டபோது, முதலில் இந்திய உரிமம் பெற்று வருமாறு கூறிவிட்டனர். “எட்டு வருடம் ஓட்டிய பிள்ளைக்கு இன்னும் என்ன பரீட்சை?” என்று லாத்தா எம்மிடம் கேட்டார். அக்கேள்விக்கு விடை தேடியபோது நாம் அறிந்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை, பன்னாட்டு வான்போக்குவரத்துக்கு அடிப்படையானது. ஒரு விமானம் எந்நாட்டில் பதிவு செய்யப்பட்டுள்ளதோ, அந்நாடு வழங்கிய அல்லது ஏற்றுக்கொண்ட உரிமம் அதன் விமானிக்கு இருக்க வேண்டும் என்று அதன் 32ஆம் பிரிவு கூறுகிறது. எனவே அயல்நாட்டு உரிமம் பெற்றவர், நம் நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ-விடம் உரிமத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு வான்சட்ட விதிகள், வழிகாட்டல், வானிலை ஆகியவற்றில் எழுத்துத் தேர்வு, முதல் வகுப்பு மருத்துவச் சான்று, இவற்றோடு பறத்தல் திறனைக் காட்டும் செய்முறைத் தேர்வு ஆகியவை வேண்டும்.

இது நமக்குப் புதிதன்று. வேறு ஊரில் ஹிஃப்ளு முடித்த மாணவர் எம் மதரஸாவுக்கு வந்தால், அவரை மீண்டும் உஸ்தாதின் முன் அமர்த்தி ஓதச் சொல்கிறோம். அவரது கல்வியில் ஐயம் கொண்டு அவ்வாறு செய்வதில்லை. நாளை அவர் பின்னால் நின்று தொழுவோருக்கு நாம் பொறுப்பாளிகள் என்பதாலேயே செய்கிறோம்.

மருமகன் எழுத்துத் தேர்வுகளில் தேறிவிட்டார். செய்முறைத் தேர்வே பெரும் அலைச்சலாயிற்று. பெரிய விமானங்களுக்கான அத்தேர்வு பெரும்பாலும் சிமுலேட்டரில்தான் நடைபெறும். புறப்படும் தருணத்தில் ஓர் இயந்திரம் நின்றுபோவதை மெய்யான விமானத்தில் செய்து பார்ப்பது உயிருக்கே ஆபத்து. 1929இல் எட்வின் லிங்க் என்னும் அமெரிக்கர், தம் குடும்பத்தின் ஆர்கன் இசைக்கருவித் தொழிலில் பழகிய காற்றுத் துருத்திகளைக் கொண்டு ஒரு பயிற்சிப் பொறியைச் செய்தார். இன்றைய முழுப்பறப்பு சிமுலேட்டரோ ஆறு கால்களின் மீது அசையும் முழு விமானி அறை. அவற்றை ஏ முதல் டி வரை நான்கு நிலைகளாகப் பிரிப்பர். டி நிலையே உயர்ந்தது.

குருகிராம், ஹைதராபாத், பெங்களூரு போன்ற நகரங்களில் இவை உண்டு. ஆனால் நேரத்தின் பெரும்பகுதியை விமான நிறுவனங்களே எடுத்துக்கொள்கின்றன. தனியொருவருக்குக் கிடைப்பது நள்ளிரவுக்குப் பிந்தைய நேரம்தான். மேலும் பக்கத்து இருக்கையில் அமர இன்னொரு விமானியும், தேர்வு நடத்தும் அதிகாரம் பெற்ற தேர்வாளரும் அதே நாளில் அமைய வேண்டும்.

இவ்வாறு இரண்டு மாதங்கள் கடந்தன. வீட்டில் வருமானம் இல்லை. லாத்தாவின் வளையல்கள் அடகுக் கடைக்குச் சென்றிருந்தன. அப்போது ஒரு தரகர் வந்தார். வெளிநாட்டில் ஒரு சிமுலேட்டர் இருப்பதாகவும், மூன்றே நாளில் சான்றிதழ் கையில் கிடைக்கும் என்றும், செலவு இங்குள்ளதில் பாதிதான் என்றும் சொன்னார். குடும்பத்தார் அனைவரும் “போய் வந்துவிடு” என்றனர். மருமகன் மட்டும் தயங்கினார்.

“மாமா, அந்தச் சிமுலேட்டரின் அங்கீகாரச் சான்றைக் கேட்டேன். காலாவதித் தேதி தெரியாதபடி பாதிப் பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்புகிறார்” என்றார்.

“முழுப் பக்கத்தையும் கேளுங்கள். அது வரும்வரை ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்” என்றோம்.

முழுப் பக்கம் வரவேயில்லை. அவர் டிஜிசிஏ-வுக்கு எழுதிக் கேட்டார். அந்தப் பொறியில் எடுக்கும் தேர்வை உரிம மாற்றத்துக்கு ஏற்க இயலாது என்று மறுமொழி வந்தது. லாத்தா அன்று மிகவும் அழுதார். மகன் தவறிழைத்தார் என்பதற்காக அன்று. இன்னும் எத்தனை நாள் என்ற களைப்பால் அழுதார். அவரைத் தேற்ற எம்மிடம் சொற்கள் இல்லை.

மேலும் ஐந்து வாரங்கள் கழித்து, குருகிராமில் இரவு இரண்டு மணிக்கு நான்கு மணி நேர இடம் கிடைத்தது. அவர் தேறினார், அல்ஹம்துலில்லாஹ். கோப்பு இப்போது அலுவலகத்தில் இருக்கிறது. வளையல்கள் இன்னும் அடகில்தான் இருக்கின்றன.

இதே வழியில் பிள்ளைகளை அனுப்பியுள்ள பெற்றோர்க்குச் சில சொற்கள். சிமுலேட்டர் உங்கள் பிள்ளை ஓட்டும் விமான வகைக்கே உரியதா, அதன் அங்கீகாரம் தேர்வு நாளில் நடப்பில் இருக்குமா, உரிம மாற்றத்துக்கு அதை டிஜிசிஏ ஏற்கிறதா, தேர்வாளருக்கு உரிய அதிகாரம் உண்டா என்பவற்றைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் பெறுங்கள். தரகரின் வாய்ச்சொல் போதாது. அங்கீகாரம் ஒருமுறை பெற்றால் என்றென்றைக்கும் நிற்பதன்று. குறித்த காலத்துக்கு ஒருமுறை அப்பொறியை மீண்டும் சோதிப்பர்.

2011இல் போலி மதிப்பெண் சான்று காட்டி உரிமம் பெற்ற விமானிகள் சிலர் நம் நாட்டில் பிடிபட்டனர். அவர்கள் வீட்டிலும் கடனும் அவசரமும் இருந்திருக்கலாம். ஆனால் விமானத்தில் அமரும் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் தம் உயிரை அமானிதமாக ஒப்படைத்தே ஏறுகின்றனர். அவர்களுள் உம்ராவுக்குச் செல்லும் முதியவரும் இருப்பார். பிள்ளையைக் காணச் செல்லும் தாயும் இருப்பார். விமானி அறையில் இருப்பவரின் சான்றை அவர்கள் பார்க்க இயலாது.

ஹலாலான வருவாய்க்காக நம் பிள்ளைகள் படும் சிரமத்தை அல்லாஹ் இலேசாக்குவானாக! காத்திருக்கும் தாய்மாருக்குப் பொறுமையையும், அடகில் உள்ளவற்றை மீட்கும் வழியையும் அருள்வானாக! ஆமீன்.