கல்வெட்டுக்கு ஏற்ற காகிதம்

கல்வெட்டு என்றதும் தமிழக வாசகர்களுக்குக் கோயிற் சுவரிற் பொறித்த எழுத்துகளே நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்தாருக்கோ அது, ஒருவர் மறைந்த 31ஆம் நாளில் வீட்டார் வழங்கும் சிறு நூலும் ஆகும். தேவாரம், அன்னாரின் வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, நன்றி நவிலல் என்பன அதில் இடம்பெறும். பல குடும்பங்களின் மூதாதையர் பெயர்கள் இக்கல்வெட்டுகளில் அன்றி வேறெங்கும் எழுதப்படவில்லை.

என்னுடன் பத்திரிகையிற் பணியாற்றிய மூத்த அச்சுக்கோப்பாளர் ஒருவர் அண்மையிற் காலமானார். நாற்பது பிரதிகளே தேவைப்பட்டதால், கல்வெட்டை வீட்டிலேயே அச்சிட்டுத் தரும்படி பிள்ளைகள் கேட்டனர். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது அவர் கையோடு எடுத்துச்சென்ற தம் பேரனாரின் கல்வெட்டையும் என்னிடம் தந்தனர். அது பத்திரிகைத் தாளில் அச்சிடப்பட்டது. மடிப்பு நெடுகத் தாள் நொறுங்கி, வம்சாவளியில் இரு பெயர்கள் உதிர்ந்துபோயிருந்தன. அப்பெயர்களைச் சொல்லக்கூடியவர் அந்த வீட்டில் இப்போது எவருமில்லை.

பத்திரிகைத் தாள் பெரும்பாலும் மரத்தை அரைத்தெடுத்த கூழினால் ஆனது. அதில் எஞ்சும் லிக்னின் ஒளியும் காற்றும் பட்டு மஞ்சளாகும். அமிலம் நாரை அறுக்கும். மறுநாளே பழசாகிவிடும் செய்திக்கு அது போதும். வம்சாவளிக்குப் போதாது.

ஆகவே கடையில் முதலிற் பார்க்கவேண்டியது தாளின் வெண்மையை அல்ல, அமிலமற்றது என்ற குறிப்பை. பொதியில் வட்டத்துள் முடிவிலிக் குறி இருந்தால் அது ஐ.எஸ்.ஓ. 9706 தரத்துக்குரிய நீடித்த தாள். உட்பக்கங்களுக்குச் சதுர மீற்றருக்கு 80 கிராம் நிறையுள்ள தாளே வழக்கம். இரு பக்கமும் படங்கள் வருவதாயின் 100 கிராம் நல்லது. மறுபக்கத்து அச்சு அவ்வளவாகத் தெரியாது. அட்டைக்கு 200 கிராம் எடுக்கலாம். உங்கள் அச்சியந்திரம் அத்தடிப்பை ஏற்குமா என்பதைக் கைந்நூலிற் பார்த்த பின்பே வாங்குங்கள்.

மரத்தைப்போலத் தாளுக்கும் நாரோட்டம் உண்டு. நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எவ்வாக்கில் இலகுவாக வளைகிறதோ அவ்வாக்கிலேயே மடிக்கவேண்டும். ஏ4 தாள்களிற் பெரும்பாலும் நார் நீளவாக்கில் ஓடும். தடித்த ஏ4 தாளை நடுவில் மடித்தால் நாரைக் குறுக்கே முறிக்கிறோம், மடிப்பு வெடிக்கும். அதனால் பெரிய தாள் வாங்கி, நார் மடிப்போடு ஓடும்படி வெட்டுவித்தேன். மை தீர்ந்த பேனையால் அழுத்திக் கோடிட்ட பின் மடித்தால் விளிம்பு சீராக வரும்.

சாய மை ஈரக்கை பட்டாற் கலங்கும். நிறமி மையோ லேசர் அச்சோ நின்று பிடிக்கும். ஸ்ரேப்ளர் கம்பி எங்கள் ஈரக்காற்றில் துருவேறித் தாளையும் கெடுக்கும். மூன்று துளையிட்டுப் பருத்தி நூலால் தைத்தேன். மாப்பசையைத் தவிர்த்தேன்; அது பூச்சிகளுக்கு விருந்து.

உதிர்ந்த இரு பெயர்களுக்குரிய இடங்களை வெற்றுக் கோடுகளாகவே விட்டு அச்சிட்டேன். புலம்பெயர்ந்த உறவினர் எவருக்கேனும் அவை நினைவிருக்கலாம். அவர் தம் கையாலேயே நிரப்பட்டும். பூச்சுள்ள வழுவழுப்பான தாளிற் பேனை மை சரியாகப் பிடிக்காது. நாற்பது பிரதிகளுக்கும் பூச்சற்ற தாளையே தேர்ந்தது அதற்காகத்தான்.