தலைமையாசிரியர் செவிகொடுக்கட்டும்



பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிட்டோம், நாள்தோறும் தவறாமல் போய் வருகிறது, ஆகவே எழுதப் படிக்கக் கற்றுவிடும் என்று எண்ணி நாம் அமைதியடைகிறோம். அந்த நம்பிக்கை எல்லா இடத்திலும் மெய்யாகிவிடுவதில்லை என்பதைக் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் ஆசிரியப் பணியாற்றிய ஆண்டுகளிலும், ஓய்வு பெற்ற பின்னரும் நான் கண்டு வருகிறேன். அதைக் குறித்தே உங்களோடு சில சொற்கள்.

மலையடிவாரத்துப் பள்ளியொன்றில் மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் பாடத்தைத் தங்கு தடையின்றி வாசித்தான். புத்தகத்தை மெல்ல மூடினேன். அப்போதும் நிற்காமல் 'வாசித்துக்கொண்டே' போனான்! படத்தைப் பார்த்ததும் பாடம் நினைவுக்கு வந்துவிடுகிறது, அதைத்தான் ஒப்பித்திருக்கிறான். அதே பாடத்தின் சொல்லொன்றைக் கரும்பலகையில் தனியே எழுதிக் காட்டியபோது திகைத்து நின்றான். அவன் ஊமையுமல்லன், மந்தபுத்தி உடையவனுமல்லன். அவன் வாசிப்பதை அருகிலிருந்து ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

தமிழ் எழுத்து நமக்குப் பழகிவிட்டதால் எளிதாகத் தோன்றுகிறது. பிள்ளையின் கண்ணால் பாருங்கள். எழுத்துகள் 247. 'கெ' என்பதில் கொம்பு முன்னே நிற்கிறது, ஆனால் அதன் ஒலி பின்னே வருகிறது. 'கொ' என்பதில் குறி இருபுறமும் நிற்கிறது. 'கல்', 'அகம்', 'சங்கு' ஆகிய மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலியோ மூன்று விதம். தமிழைப் போன்றே உயிர்மெய் அமைப்புடைய கன்னட எழுத்தை ஆராய்ந்த சோனாலி நாக், அவ்வெழுத்துகளை அறிந்து முடிப்பது நான்காம் வகுப்பு வரையிலும் நீள்வதைக் காட்டினார். எனவே, முதல் வகுப்பிலேயே எழுத்து முடிந்துவிட்டது என்று மேலே செல்வது பிள்ளையைப் பாதிவழியில் விடுவதாகும்.

வாசிப்பு எவ்வாறு கைவருகிறது என்பது இன்று ஊகத்திற்குரிய செய்தியன்று. அமெரிக்காவில் தேசிய வாசிப்புக் குழு 2000ஆம் ஆண்டில் ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து ஐந்து கூறுகளை வகுத்துரைத்தது. சொல்லிலுள்ள ஒலிகளைப் பிரித்துணர்தல், எழுத்தை ஒலியோடு பொருத்துதல், சரளம், சொல்வளம், பொருளுணர்தல் என்பன அவை. தமிழகத்தில் 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், பிள்ளைகளை வயதை மட்டும் நோக்காமல் கற்றல் நிலையை நோக்கி அரும்பு, மொட்டு, மலர் என மூன்றாகப் பிரித்துக் கற்பிக்க வழிசெய்தது. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்த பின், 2021இல் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. தமிழக ஊர்ப்புறங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு, இழந்த கல்வியில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதங்களில் மீண்டதென்றும், அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அத்திட்டத்தால் விளைந்ததென்றும் கண்டது. முறையாக முயன்றால் பிள்ளை மீளும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆயினும், ஒரே கையேடும் ஒரே பயிற்சியும் பெற்ற இரு பள்ளிகளுள் ஒன்று தழைக்கிறது, மற்றொன்று வாடுகிறது. வேறுபாடு பெரும்பாலும் தலைமையாசிரியரிடமே இருக்கக் கண்டேன். நியூசிலாந்து அறிஞர் விவியன் ராபின்சனும் அவர்தம் குழுவினரும் 2008இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்லுகிறது. தலைமைப் பணிகள் பலவற்றுள்ளும், ஆசிரியர் கற்கும்போது தாமும் உடனமர்ந்து கற்பதே மாணவர் தேர்ச்சியோடு மிக வலுவாக இணைந்திருந்ததாம்.

கல்வராயன் மலையில் இச்செய்தி இன்னும் கனமானது. மலை ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து விடுபட்டதே 1976இல்தான். அங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழே எனினும், வீட்டுப் பேச்சுக்கும் பாடநூல் நடைக்கும் தொலைவு அதிகம். வேலை தேடி வெளிமாநிலம் செல்லும் பெற்றோர் பலர். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு கதி ஏது? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோது இம்மலையின் பெயரும் நாடெங்கும் அடிபட்டது. மலைமக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர்நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரிக்கலாயிற்று. வாசிக்கத் தெரியாமல் ஆறாம் வகுப்புக்குப் போய், வெட்கி இடைநிற்கும் சிறுவனுக்கு எந்தெந்த வழிகள் திறந்திருக்கின்றன என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

மலையில் 'தலைமை' என்பது தனி அறையில் அமர்ந்து ஆளும் பதவியன்று. கல்வி உரிமைச் சட்டம் 60 பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களையே வகுத்துள்ளது. எனவே அவரே வகுப்பும் எடுக்க வேண்டும், பதிவேடும் எழுத வேண்டும், காலை உணவையும் கவனிக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவே மலைப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் செய்துவந்ததைச் சொல்லுகிறேன். நாள்தோறும் ஐந்தாறு பிள்ளைகளைத் தம்மருகே அழைத்து, முன்பின் பார்த்திராத சில வரிகளை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். ஒரு சாதாரணக் குறிப்பேட்டில், இவனுக்கு இரட்டைக்கொம்பு தடுமாறுகிறது, இவளுக்கு எழுத்துத் தெரிகிறது, பொருள் விளங்கவில்லை என்று குறித்துக்கொள்வார். சனிக்கிழமைப் பயிற்சிக்கு உதவி ஆசிரியையை மட்டும் அனுப்பாமல் தாமும் போவார். வாசிப்பு நேரத்தில் எந்த அலுவல் வந்தாலும் வகுப்பைக் கலைக்க விடமாட்டார். "பிள்ளை எங்கே நிற்குதுன்னு தெரியாம எதை நான் கத்துக்குடுக்க?" என்றார் என்னிடம்.

இது நம்மவர்க்குப் புதிதன்று. மதரஸாவில் உஸ்தாத் ஒவ்வொரு பிள்ளையையும் முன்னே அமர்த்தி, அன்றன்றைய பாடத்தை ஓதக் கேட்டுத் திருத்தியே அடுத்த பாடத்திற்கு அனுப்புகிறார். அந்த அக்கறையைத் தமிழ் வாசிப்புக்கும் நம் பிள்ளைகள் பெற வேண்டாமா?

ஆகவே பெற்றோரே, குறிப்பாகத் தாய்மார்களே! பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மையினர். கூட்டத்திற்குத் தவறாமல் செல்லுங்கள். கட்டடமும் சுற்றுச்சுவரும் பேசி முடிந்தபின், தலைமையாசிரியரிடம் பணிவோடு ஒன்று கேளுங்கள்: "ஐயா, என் பிள்ளை வாசிப்பதை நீங்கள் கடைசியாக எப்போது கேட்டீர்கள்? எந்த இடத்தில் தடுமாறியது?" விடை கிடைத்தால் அவருக்கு நன்றி சொல்லித் துணை நில்லுங்கள். கிடைக்காவிட்டால் அடுத்த கூட்டத்திலும் கேளுங்கள். இன்றிரவே, புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, உங்கள் பிள்ளையை நீங்களும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.