துரு

நுழையும்முன்

நாம் செய்யும் பணிகளுள் பிறர் கண்ணில் படுவன சில. எவர் கண்ணிலும் படாதன பல. காணப்படாத இடத்தில் செய்த வேலை எத்தகையது என்பதைக் காலம் ஒருநாள் வெளிப்படுத்திவிடும். பழைய மகிழுந்து ஒன்றின் துருவை நீக்கிய அனுபவத்தின் வழியே இதனைப் பேசுகிறது இக்கட்டுரை.

உப்புக்காற்றில் ஒரு வண்டி

எங்கள் ஊர் தூத்துக்குடி. கிழக்கே கடல், ஊரைச் சூழ உப்பளங்கள். மாலையில் வீசும் காற்று உதட்டில் கரிக்கும். சன்னல் கம்பி, கிணற்று உருளை, மிதிவண்டிச் சங்கிலி என இரும்பாலான எதுவும் எங்கள் ஊரில் நெடுநாள் இரும்பாகவே இருப்பதில்லை. அந்த ஊரில்தான் என் தந்தையார் வாடகை மகிழுந்து ஓட்டி எங்களை வளர்த்தார்.

அது ஒரு வெள்ளை அம்பாசிடர். மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் ஆங்கிலேய வண்டியின் மூன்றாம் வரிசையைத் தழுவி, மேற்கு வங்கத்தின் உத்தரப்பாராவில் 1950களின் பிற்பகுதி முதல் 2014 வரை உருவாக்கப்பட்ட வண்டி வகை. 1987இல் கைம்மாறிய வண்டியாகவே எங்கள் வீட்டுக்கு வந்தது. ஒவ்வோர் இரவும் சவாரி முடிந்து வந்ததும் தந்தையார் இரண்டு வாளி நல்ல தண்ணீரால் அதனைக் கழுவித் துணியால் துடைப்பார். குடிநீருக்கு வரிசையில் நின்ற நாள்களிலும் அந்த இரண்டு வாளி தவறியதில்லை.

ஆயினும் துணி எட்டாத இடங்கள் வண்டியில் பல உண்டு. கதவுகளின் அடிவிளிம்பு, தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று மடியும் இணைப்பு, காலடி விரிப்பின் அடிப்புறம் ஆகியவற்றில் ஈரம் தங்கும். இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும். நீரில் உப்புக் கரைந்திருந்தால் அது மின்சாரத்தை நன்கு கடத்தும். அதனால் அரிமானம் விரைவு கொள்ளும். அலுமினியத்தின் மேல் உருவாகும் ஆக்சைடு, படலமாய் இறுகி உலோகத்தைக் காக்கும். இரும்பின் துருவோ உப்பி உதிர்ந்து, அடுத்த அடுக்கையும் காற்றுக்கும் நீருக்கும் திறந்து விட்டுவிடும். வண்ணத்தின் மேல் சிறு கொப்புளம் தெரியும்போது உள்ளே வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும்.

ஆறு நாள் அவசரம்

1996ஆம் ஆண்டு தை மாதம். தமக்கையின் திருமணத்திற்கு ஆறு நாள்கள் இருந்தன. எனக்கு முதல் மாதச் சம்பளம் வந்திருந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு எங்கள் வண்டியே செல்ல வேண்டும். அது புதிதுபோல் பளபளக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். தந்தையாரிடம் சொல்லாமல் அதனை டிங்கர் அண்ணாச்சியின் பட்டறைக்கு ஓட்டிச் சென்றேன்.

அவர் வண்ணத்தைப் பார்க்கவேயில்லை. தரையில் குப்புறப் படுத்து, கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற ஓரப்பகுதியைத் திருப்புளியால் அழுத்தினார். திருப்புளி சத்தமின்றி உள்ளே போயிற்று.

“தம்பி, இது லாரி மாதிரி இல்ல. இதுக்குத் தனியா சட்டம் கிடையாது; கூடுதான் பாரம் தாங்குது. இத வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு வைக்கணும். பதினஞ்சு நாள் ஆகும்.”

“இப்போதைக்குப் புட்டி வச்சுப் பூசித் தாங்க அண்ணாச்சி. கல்யாணம் முடியட்டும்.”

“அந்த வேலைய நான் செய்றதில்ல. வேற ஆளப் பாருங்க.”

வேறு ஆள் எளிதாகவே கிடைத்தார். ஓட்டைகளுக்குள் செய்தித்தாளைத் திணித்து, மேலே கம்பி வலை வைத்து, புட்டியால் மெழுகி, இரண்டே நாளில் வெள்ளை அடித்துத் தந்தார். அவர்மீது குறையில்லை, நான் கேட்டதைத்தான் அவர் செய்தார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது தந்தையார் அதனை ஒருமுறை சுற்றி வந்தார். “நல்லாருக்கு ஐயா” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

கார்த்திகை மழை

1998 கார்த்திகையில் ஓர் இரவு. திருச்செந்தூரிலிருந்து சவாரியோடு திரும்பும் வழியில் பின்சக்கரம் பஞ்சரானது. நல்ல மழை. சக்கரம் சேற்றில் புதைந்திருந்ததால் அச்சின் அடியில் ஜாக்கியை வைக்க இடமில்லை. ஆகவே தந்தையார் அதனை வண்டியின் ஓரத்தில் முட்டுக்கொடுத்து ஏற்றியிருக்கிறார். சக்கரத்தைக் கழற்றும் நேரத்தில் அந்த ஓரப்பகுதி அப்பளம்போல் நொறுங்கி, வண்டி இறங்கிவிட்டது. இடக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் நசுங்கின. எலும்பு கூடிய பிறகும் அவ்விரு விரல்களும் மடங்கவில்லை.

சாலை மோசம், மழை மோசம் என்று உறவினர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் வாய் திறக்கவில்லை. அவர் இடக்கையால் சட்டைப் பொத்தானைப் பிடிக்கத் தடுமாறிய ஒவ்வொரு காலையிலும் அந்தத் திருப்புளி சத்தமின்றி உள்ளே போனது என் நினைவுக்கு வந்தது.

வெட்டி எடுத்தல்

மறு கோடையில் மீண்டும் அண்ணாச்சியிடம் சென்றேன். “அன்றே சொன்னேனே” என்று அவர் சொல்லவில்லை. “அப்பாவுக்குக் கை எப்படி இருக்கு?” என்று மட்டும் கேட்டார். பிறகு ஒரு நிபந்தனை விதித்தார்: “வேலை முடியிற வரைக்கும் நீங்க கூட நிக்கணும்.” பதினைந்து நாள் விடுப்பு எடுத்தேன்.

முதலில் மின்கலத்தின் இணைப்பைத் துண்டித்தார். பின்புறத்துப் பெட்ரோல் தொட்டியைக் கழற்றி வெளியே வைத்தார். இருக்கைகளையும் விரிப்புகளையும் அகற்றினார். தீ பிடிக்கும் வண்டியில் டிங்கர் வேலை செய்ய முடியாது என்பார். அதன்பின் பழைய புட்டியைச் சுத்தியலால் தட்டினார். அது ஓடு ஓடாக விழுந்தது. உள்ளிருந்து செய்தித்தாள் கறுத்து ஊறிய உருண்டைகளாக வெளிவந்தது. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் மூன்று மழைக்காலத்து ஈரத்தை அது இழுத்து வைத்திருந்தது. நான் மூடியது துருவை அன்று. துருவுக்கு வேண்டிய நீரை.

எங்கே வெட்டுவது என்பதே இவ்வேலையின் உயிர். துருப்பட்ட இடத்தோடு நிறுத்தினால் பற்றவைப்பின் வெப்பத்தில் மெலிந்த தகடு ஓட்டையாகிவிடும். அண்ணாச்சி சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். மந்தமான ஓசை கணீரென்று மாறும் இடத்திலிருந்து மேலும் இரண்டு விரற்கடை தள்ளிக் கோடு போட்டார். உள்ளங்கையளவு ஓட்டைக்கு முழங்கையளவு தகடு வெட்டப்பட்டது. எஞ்சிய இரும்பு வெள்ளியாய்த் தெரியும்வரை கம்பித் தூரிகையால் தேய்த்தது என் வேலை.

பதினெட்டு கேஜ் தகட்டை அட்டை மாதிரிக்கு ஏற்ப வெட்டி வளைத்தார். ஆக்சிஜனும் அசிட்டிலினும் கலந்த சுடரால் முதலில் அங்கொரு புள்ளி இங்கொரு புள்ளியாகப் பற்றவைத்தார். ஒரே மூச்சில் நெடுக வைத்தால் தகடு வெப்பத்தில் நெளிந்துவிடும். ஒவ்வொரு புள்ளி வைத்ததும் ஈரத்துணியை ஒற்றி ஆறவிட்டு, எதிர்முனைக்குப் போனார். பிறகே புள்ளிகளை இணைத்து, பிதுக்கங்களைத் தேய்த்துச் சமன்செய்தார்.

ஓரப்பகுதியின் அடியில் சிறு துளைகள் விட்டார். “ஓட்டையை அடைக்கத்தானே வந்தோம்?” என்று கேட்டேன். “தண்ணி எப்படியும் உள்ள வரும். வந்தது போக வழி வேணும்லா?” என்றார். பழைய வண்டியில் அத்தகைய துளைகள் முதலிலேயே இருந்தன. சேறு அடைத்துக் கிடந்தன.

உட்புறத்தில் ரெட் ஆக்சைடு இரண்டு பூச்சு. அடிப்பகுதியில் தாருப்பூச்சு. வெளியே மெல்லிய புட்டி. நீர்விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள். கடைசியாக வெள்ளை வண்ணம். வண்ணத்துக்கு ஒரு நாள்தான் ஆயிற்று. மற்ற பதினான்கு நாள்களும் எவரும் பார்க்காத இடத்திலேயே கழிந்தன.

காந்தம்

வண்டியை எடுக்கத் தந்தையாரையும் அழைத்துச் சென்றேன். அவர் முன்பக்கப் பெட்டியைத் திறந்து, பழைய வானொலி ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தம் ஒன்றை வெளியே எடுத்தார். குனிந்து, வண்டியின் ஓரத்தில் வைத்தார். ‘டக்’கென்று ஒட்டியது. சிறிது தள்ளி வைத்தார், ஒட்டியது. முழு நீளத்துக்கும் வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“போன தடவ ஒட்டல” என்றார்.

எனக்கு மூச்சு நின்றுவிட்டது. “தெரியுமாப்பா?”

“மொதச் சம்பளத்துல ஆசையாச் செஞ்சுட்டு வந்து நிக்க. எப்படி ஐயா குறை சொல்ல? அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு இருந்துட்டேன். உள்ள இவ்வளவு போயிருக்கும்னு நெனைக்கல.”

நான் அவரிடமிருந்து மறைத்தேன். அறிந்ததை அவர் என்னிடமிருந்து மறைத்தார். இருவர் நோக்கமும் அன்புதான். இடையே இருந்த இரும்பு அதனை அறியாது. பட்டறை வாசலில் நின்று, என் பிழை முழுவதையும் அன்று சொல்லி முடித்தேன். அண்ணாச்சி எங்களுக்குத் தேநீர் வாங்கிவரப் பையனை அனுப்பினார்.

அதன்பின் பத்து ஆண்டுகள் அந்த வண்டி ஓடியது. ஒவ்வோர் ஐப்பசியும் மழை தொடங்குமுன் நான் அதன் அடியில் படுத்து, நீர் வடியும் துளைகளைக் கம்பியால் குத்திச் சீராக்குவேன். தந்தையார் அருகில் அமர்ந்து, மடங்காத விரல்களுக்கிடையே கைவிளக்கைச் செருகிப் பிடித்துக்கொண்டிருப்பார்.

தெரிந்து தெளிவோம்

தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூர் அகழாய்வில் இரும்புக் கருவிகள் பல கிடைத்துள்ளன. தில்லி மெக்ராலியில் உள்ள இரும்புத்தூண் ஏறத்தாழ 1600 ஆண்டுகளாகப் பெரிதும் துருப்பிடிக்காமல் நிற்கிறது. அதன் இரும்பில் பாஸ்பரஸ் மிகுந்திருப்பதால் மேற்பரப்பில் உருவான மெல்லிய படலம் அதனைக் காக்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் பழுதுபார்க்கும் தொழிலாளர் ஒருவரைச் சந்தித்து, அவர் செய்ய மறுக்கும் வேலை எது, ஏன் என்பதைக் கேட்டு எழுதுக.
2. அன்பின் காரணமாகச் சொல்லாமல் விட்ட உண்மை ஒன்றைப் பற்றி வகுப்பில் கலந்துரையாடுக.