கரிசல் மண்ணில் ஒரு கார் பார்க்கிங்!

"மாப்ளே, நம்ம ஊருக்கு ஒரு ஆப் பண்ணியிருக்கேன். நீ வந்து கணக்கு மட்டும் பார்த்துக் கொடு!"

போனில் இப்படிக் கூப்பிட்டவன் என்னோடு பி.காம். படித்த நண்பன். பி.காம். படித்தவனை நண்பர்கள் வேறு எதற்குக் கூப்பிடுவார்கள்? கல்யாணத்துக்குப் போனால்கூட மொய் எழுத உட்கார வைத்துவிடுகிறார்கள்!

போன ஐப்பசி. நெல்லை எக்ஸ்பிரஸ் லேட். அதிலும் ஒரு நன்மை. சாத்தூர் தாண்டும்போது விடிந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்பு மண். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஒரு மழை விழுந்தால் தண்ணீரைக் குடித்து உப்பிப் பசையாகிவிடும். நடந்தால், செருப்பு அங்கே நிற்கும், நாம் மட்டும் இங்கே வந்திருப்போம். கம்பு, சோளம், உளுந்து, பருத்தி எல்லாம் வானத்தை நம்பித்தான்.

கோவில்பட்டி என்றால் உங்களுக்குக் கடலை மிட்டாய் ஞாபகம் வரும் (2020ல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது). அப்புறம் தீப்பெட்டி, ஹாக்கி. நண்பனுக்கு மட்டும் ஞாபகம் வந்தது பார்க்கிங்!

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. மாட்டு வண்டிக்காகப் போட்ட தெருக்களில் இன்று கார் நிற்கிறது. அதே தெருவில் பிள்ளைகள் சென்னை, பெங்களூர் என்று போய்விட்டதால் பல வீட்டு முற்றங்கள் சும்மா கிடக்கின்றன. அந்த முற்றத்தை மணிக் கணக்கில் வாடகைக்கு விட்டால்? கூடவே பிளம்பர், எலெக்ட்ரீஷியன், ஏ.சி. மெக்கானிக் எல்லோரையும் செல்போனில் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டால்?

"இதெல்லாம் உலகத்துல நடக்கிறதுதாண்டா" என்று கதை சொன்னான். அந்தோணி எஸ்கினாஸி என்கிற இங்கிலாந்து இளைஞர் சான் ஃபிரான்சிஸ்கோவில் பேஸ்பால் பார்க்கப் போய், கார் நிறுத்த இடமில்லாமல் சுற்றினாராம். மைதானத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வீட்டு வாசல் காலியாகக் கிடந்தது. அந்தக் கடுப்பில் 2006ல் பிறந்ததுதான் இன்றைய 'ஜஸ்ட் பார்க்'. நம்ம வி.எஸ்.எஸ்.மணி 1996ல் ஐம்பதாயிரம் ரூபாயோடு 'ஜஸ்ட் டயல்' தொடங்கியபோது கையில் இருந்தது முக்கியமாக ஒரு நல்ல போன் நம்பர்தான்!

நண்பன் கையில் இருந்தது பெங்களூரில் பத்து வருஷம் குப்பை கொட்டிச் சேர்த்த பி.எஃப். பணம். போதாததற்கு மனைவியின் எட்டுப் பவுன் பாங்கில். இதை அவன் மெதுவாகத்தான் சொன்னான். நான் கணக்கு நோட்டை மூடிவிட்டேன்.

"சரி, வா. ஊரைச் சுற்றிப் பார்க்கலாம்."

பஸ் ஸ்டாண்டு பக்கம் பைக்கை விட ஒரு ஸ்டாண்டுக்குள் நுழைந்தோம். அண்ணாச்சி ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து டோக்கனைக் கிழித்து, பாதியை ஹேண்டில்பாரில் சொருகி, மீதியை என் கையில் கொடுத்தார். நாங்கள் நின்ற பத்து நிமிஷத்தில் மூன்று பேர் வந்தார்கள். ஒருவருக்கு மோட்டார் ரிப்பேர், ஒருவருக்குக் கொத்தனார், ஒரு அம்மாவுக்கு வாடகைக்கு வீடு. எல்லோருக்கும் அண்ணாச்சி வாயிலேயே விலாசம் சொன்னார். "அவன்கிட்ட போகாதீய, காசை வாங்கிட்டு ஆளு வரமாட்டான்" என்று எச்சரிக்கை வேறு. கமிஷன் கிடையாது!

நண்பன் உற்சாகமாகத் தன் திட்டத்தை அவரிடம் விளக்கினான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட அண்ணாச்சி ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப நம்ம ஸ்டாண்டை மூடிரணுமா தம்பி?"

அவன் பதில் சொல்லவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்த ஸ்டாண்டு அது.

இரண்டாம் நாள் செண்பகவல்லி அம்மன் கோயில் திருக்கல்யாணம். வெளியூர்க் கார்கள் குவிந்தன. நண்பனின் செல்லில் 'டிங் டிங்' என்று பார்க்கிங் கேட்டு மணி அடித்துக்கொண்டே இருந்தது. முற்றங்கள் நிரம்பியதும் ஊர் ஓரத்தில் ஒரு காலி மனையைத் திறந்துவிட்டான். பன்னிரண்டு கார்கள். ஒவ்வொன்றிலும் பத்து சதவீதம். முகத்தில் கல்யாணக் களை!

நாலு மணிக்கு மேகம் கறுத்தது. நாலரைக்குக் கொட்டியது. ஆறு மணிக்கு ஜனங்கள் திரும்பி வந்தபோது பன்னிரண்டு கார்களும் கரிசலில் பாதிச் சக்கரம் வரை உட்கார்ந்திருந்தன. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி கீழே போயிற்று. ஒரு காரில் சர்க்கரை வியாதிக்கார அம்மா, சாப்பாட்டு நேரம் தாண்டித் துவண்டு போயிருந்தார். அவர் மகன் நண்பனின் சட்டையைப் பிடிக்காத குறை. ஆப்பில் தேடினால், வண்டி இழுக்கிற ஆள் ஒருவர்கூட இல்லை.

நான் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அண்ணாச்சி இரண்டே இரண்டு போன் போட்டார். முதலில் ஆட்டோ வந்து அந்த அம்மாவை ஓட்டலுக்குக் கூட்டிப் போயிற்று. பின்னாலேயே டிராக்டர். அதில் ஒரு பாரம் பருத்திமார்! காய்ந்த பருத்திச் செடிகளைச் சக்கரத்துக்கு அடியில் திணித்து, கயிறு கட்டி, ஒவ்வொன்றாக இழுத்தார்கள். கடைசிக் கார் வெளியே வரும்போது மணி ஒன்பதரை. டிராக்டர்காரர் டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டார்.

"மிச்சத்துக்கு எல்லாருக்கும் டீ சொல்லுங்க."

அண்ணாச்சி மட்டும் கொஞ்சம் கோபமாக இருந்தார். "அது தண்ணி தேங்குற பள்ளம்லா தம்பி. சின்னப் பையன்கூடச் சொல்லுவானே. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

பக்கத்து இடைசெவல்காரர் கி.ராஜநாராயணன் (1923-2021) கரிசல் பேச்சுக்கென்றே ஒரு அகராதி தொகுத்தார். நண்பனின் ஆப்பில் இந்த மண்ணுக்கு இருந்தது ஒரே வார்த்தை: 'காலி மனை'.

அன்றிரவு கணக்குப் பார்த்தேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்ததில் மூன்று மாத லாபம் ஒரே சாயங்காலத்தில் காலி. நண்பன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"கடையை மூடிரவா மாப்ளே?"

"உன் ஊர்க்காரங்களைப் பாருடா" என்றேன். கம்ப்யூட்டர் வருவதற்கு வெகுகாலம் முன்பே தீப்பெட்டி ஆபீஸிலிருந்து குச்சியும் சட்டமும் வீடு வீடாகப் போயின. பெண்கள் கட்டை அடுக்கிக் கொடுத்தார்கள். இயந்திரங்கள் வந்து அந்த வேலை குறைந்துபோனது வேறு கதை. ஆனால், வேலையை வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுத்தது தெரிந்த ஆளும் ஒரு சின்ன நோட்டும்தான். நண்பன் நோட்டைப் பிரமாதமாகச் செய்திருந்தான். ஆளைத்தான் விட்டுவிட்டான்!

கமிஷனையும் யோசிக்கச் சொன்னேன். பெங்களூரில் 2022ல் வந்த 'நம்ம யாத்ரி' ஆட்டோக்காரர்களிடம் சவாரிக்குச் சவாரி கமிஷன் வெட்டவில்லை. 2023ல் நாளுக்கு 25 ரூபாய் என்று வைத்தார்கள். தொழிலாளிக்குத் தன் கணக்கு தனக்குத் தெரியும். பத்து சதவீதம் வெட்டினால் இரண்டாவது முறை பிளம்பரும் வீட்டுக்காரரும் நேரடியாகவே பேசிக்கொள்வார்கள். பி.காம். படிக்காதவர்களுக்குக்கூடத் தெரிந்த கணக்கு இது!

மறுநாள் காலை நண்பன் தானே ஸ்டாண்டுக்குப் போய் அண்ணாச்சி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். அவர் சொல்லச் சொல்ல எழுதினான். எந்த முற்றத்தில் நாய் உண்டு, எந்தக் கொத்தனார் திங்கட்கிழமை வரமாட்டார், எந்த இடம் மழைக்கு ஆகாது... பட்டியலில் முதல் பார்க்கிங் அண்ணாச்சியின் ஸ்டாண்டு. சரிபார்த்துக் கொடுக்க அவருக்கு மாதச் சம்பளம். கமிஷனுக்குப் பதில் மாதம் ஒரு சின்னத் தொகை.

லாபம் வருமா? இன்னும் வரவில்லை. எட்டுப் பவுன் இன்னும் பாங்கில்தான் இருக்கிறது. நஷ்டம் மட்டும் மாதா மாதம் குறைகிறது என்று என் நோட்டு சொல்கிறது.

போன வாரம் நண்பன் போன் செய்தான். "மாப்ளே, அண்ணாச்சிக்கு எல்லாரும் அஞ்சு ஸ்டார் போட்டிருக்காங்கடா!"

"அவர் என்ன சொன்னார்?"

"'அஞ்சு ஸ்டார்னா பெரிய ஓட்டலுக்குல்ல போடுவாங்க? நமக்கு டோக்கன் போதும் தம்பி'ங்கிறாரு!"