மஞ்சள் சிவக்காத நாள்

ஆவடியிலிருந்து பூவிருந்தவல்லிக்குச் செல்லும் சாலையில், பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டிப் பிரிகின்ற ஒரு மண் பாதையின் கோடியில், தகரக் கூரை போட்ட நீண்ட கொட்டகை ஒன்று இருக்கிறது. வெளியே நின்று பார்ப்பவருக்கு அது சிமெண்டுத் தொட்டி வார்க்கும் இடமாகவோ, கோபுரத் திருப்பணிக்குச் சுதைப் பதுமைகள் செய்யும் இடமாகவோதான் தோன்றும். கடலுக்கடியில் அலை மோதி அரித்த பாறைச் சுவர் எவ்வாறு இருக்குமோ அவ்வாறே ஒரு சுவரை, கடலிலிருந்து ஒரு கைப்பிடிக் கல்லும் எடுக்காமல், கண்ணாடித் தொட்டியின் பின்புறத்துக்காகச் செய்து கொடுக்கிறார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னபோது, கடற்கரைக்குப் பன்னிரண்டு கல்லுக்குக் குறையாத தொலைவிலுள்ள இந்த ஏரிப் பிரதேசத்தில் அப்படியொரு கைத்தொழிலா என்று ஆச்சரியப்பட்டேன். மாசிக் கடைசியில் ஒரு முறை பார்த்துவிட்டு வரலாம் என்ற உத்தேசத்தோடு போனவன், ஒரே சுவரின் கதையைக் கடைசிவரை பின்தொடர வேண்டும் என்ற ஆவல் மேலிட்டு, சித்திரை பிறந்து இரண்டு வாரம் ஆகும்வரை நான்கு முறை போய்வந்தேன்.

கொட்டகையில் வேலை செய்வோர் மூவர். அதை நடத்தும் இளைஞர் கொளத்தூரில் வண்ண மீன் கடை ஒன்றில் சில வருஷம் இருந்து தொழில் பழகியவர். சுவர் செய்பவர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் வார்ப்படச் சாலையொன்றில் இருபத்திரண்டு வருஷம் மோல்டராக இருந்தவர். அவரை எல்லோரும் மேஸ்திரி என்றே அழைக்கிறார்கள். மூன்றாமவர், கட்டட வேலையில் சித்தாளாக இருந்து இங்கே வந்து சேர்ந்த ஓர் அம்மாள்; மற்ற இருவருக்கும் அவர் ‘அக்கா’. முதல் நாள் நான் போனபோது மேஸ்திரியின் வேலையைத்தான் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தொழிலின் உயிர் அக்காவின் கையில் இருக்கிறது என்பதை உணர எனக்கு மூன்று முறை போக வேண்டியிருந்தது.

இந்தச் சுவர் போய்ச் சேருகின்ற கடற்பாசித் தொட்டி என்பது மீன் தொட்டியன்று என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அதில் மீன்கள் இரண்டொன்று இருக்கலாம். ஆனால் தொட்டியின் நாயகம் பாசிக்கே உரியது. பச்சை, பழுப்பு, சிவப்பு என்று மூவகையாகப் பகுக்கப்படும் பெரும் பாசிகளைக் கடல்நீரில் வளர்த்து, ஒரு கடலடித் தோட்டத்தை அறையின் மூலையில் காண்பதே இதன் நோக்கம். இது இன்றைய நாகரிகம் என்று நினைப்பதும் தவறு. இங்கிலாந்தில் பிலிப் காஸ் என்னும் இயற்கை நூலாசிரியர் 1854ஆம் ஆண்டிலேயே கடல்வாழ் உயிர்களையும் பாசிகளையும் ஒரே கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து, ஒன்று மற்றொன்றின் சுவாசத்துக்குத் துணையாவதை எழுதி வெளியிட்டார். நம் சென்னையிலும் 1909இல் மெரினாக் கடற்கரையில் ஒரு கடல் மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது.

பாறைக்குக் கடலையே நாடினால் என்ன என்ற கேள்வி எழும். உலகின் பல பாகங்களில் அவ்வாறுதான் செய்தார்கள். நம் நாட்டில் அதற்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் அளிக்கப்பட்ட அதே ஸ்தானத்தில், பாறை அமைக்கும் பவளங்கள் 2001ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டன. அது காரணமின்றி விதித்த வெறும் காகிதக் கட்டுப்பாடன்று. மன்னார் வளைகுடாவில், 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதியிலுள்ள இருபத்தொரு தீவுகளில், விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் நீருக்குள் மூழ்கிப் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப் பாறையைப் பல காலம் பெயர்த்தெடுத்ததே அதற்கு முக்கிய காரணம் என்று அறிந்தோர் சொல்கிறார்கள். அலையைத் தடுத்து நிறுத்தும் அரண் போனபின் மணல்தீவு எப்படி நிற்கும்? ஆகையால், பாறையை எடுக்காமல் செய்துகொள்வது என்று இந்தக் கொட்டகைக்காரர்கள் தீர்மானித்ததை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

மேஸ்திரியின் கலவையில் புதுமையான சரக்கு எதுவும் இல்லை. சிமெண்டு ஒரு பங்கு. கோழித் தீவனக் கடையில் கிடைக்கும் கிளிஞ்சல் நொய் இரண்டு பங்கு. கல் உப்பு இரண்டு பங்கு. தண்ணீரை மட்டும், பிட்டுக்கு மாவு பிசிறுகிறவர்கள் தெளிப்பதுபோல், சிறுகச் சிறுகத் தெளித்துப் பிசைகிறார். தளர்ந்துவிட்டால் கல்லில் துளை நிற்காது. ஈரமான கிளிஞ்சல் மணலை ஒரு பெட்டியில் பரப்பி, அதில் கையாலேயே பள்ளமும் மேடும் குடைந்து, கலவையை அழுத்தி நிரப்பி, விரலை ஆங்காங்கே செலுத்திக் குகைகள் உண்டாக்குகிறார். இரண்டு சுவர் ஒன்றுபோல் இராது. வார்ப்படச் சாலையில் இருபத்திரண்டு வருஷம் ஒரே அச்சிலிருந்து ஒரே உருவத்தை ஆயிரக்கணக்கில் எடுத்த கை இது என்பதை நினைத்தபோது, அந்தக் கை இவ்வளவு காலம் அடக்கிவைத்திருந்த சுதந்தரத்தை இப்போதுதான் அனுபவிக்கிறதோ என்று எனக்குத் தோன்றியது. உப்பு எதற்கு என்று கேட்டேன்.

“வார்ப்புக்குள்ள பொந்து வேணும்னா மணல்ல கோர் செஞ்சு வெச்சு, இரும்பு ஊத்தி, அப்புறம் அந்த மணலைத் தட்டி எடுப்போம் சார். இங்கே தட்ட வேணாம். உப்பு தானா கரைஞ்சு போயிடும். அது இருந்த இடம்தான் பொந்து” என்றார்.

கரைந்து போகும் அந்த உப்பு விட்டுச்செல்லும் நுண்ணிய அறைகளில்தான், மீனின் கழிவை நஞ்சு நீக்கி மாற்றுகின்ற நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. பாசிகளுக்கும் அந்தச் சொரசொரப்பு வேண்டும். தரையிலே முளைக்கும் செடியைப்போல் பாசிக்கு வேர் கிடையாது. அடியில் இருப்பது பற்றிக்கொள்வதற்கான ஓர் உறுப்பு மாத்திரமே. கல்லிலிருந்து அது எதையும் உறிஞ்சுவதில்லை. நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் இரும்புச் சத்தையும் உடல் முழுவதாலும் நீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. கல் அதற்கு உணவு தராது, இடம் தரும்.

நான் பின்தொடர்ந்த சுவர், நான்கு அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் இரண்டு அடி உயரமும் உள்ள ஒரு தொட்டிக்கானது. மேலே குறுக்குக் கண்ணாடி ஓடுவதால் சுவரை ஒரே துண்டாக இறக்க முடியாது. மூன்று துண்டுகளாக வார்த்து, சேருமிடம் தெரியாதபடி ஒன்றன் விளிம்பை மற்றொன்றின் மடிப்புக்குள் ஒளித்திருந்தார் மேஸ்திரி. முதுகுக்குக் கட்டம் கட்டமான பிளாஸ்டிக் தட்டும் பிவிசி குழாயுமே துணை. இரும்புக் கம்பி ஓர் அங்குலமும் கிடையாது, உப்புநீரில் அது துருவேறிச் சுவரையே பிளந்துவிடும். சுவருக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவே இரண்டு அங்குல இடைவெளி விட்டு, அதில் ஒரு சிறு மோட்டார் நீரைச் சதா ஓட்டிக்கொண்டே இருக்கும்படி செய்கிறார்கள். அந்த இடைவெளி அடைபட்டால் பின்னால் அழுக்குத் தங்கி நீர் நாறிப்போகும். சுவர் செங்குத்தாகவும் இல்லை. அடிவாரம் முன்னே வந்தும் உச்சி பின்னே சாய்ந்தும், ஒவ்வொரு படிக்கும் மேலிருந்து வெளிச்சம் விழும்படி அமைந்திருந்தது. பச்சைப் பாசிகளுக்கு உச்சியிலும், மங்கிய ஒளியிலும் பிழைக்கும் சிவப்புப் பாசிகளுக்குக் கீழ்ப் படிகளின் நிழலிலும் இடம் ஒதுக்கியிருந்தார்கள். பாறைக் கரைகளிலும் பொதுவாக இந்த வரிசையைக் காணலாம்.

ஆரம்ப காலத்தில் கனம் குறையட்டும் என்று தெர்மோகோலைச் செதுக்கி அதன்மேல் கலவை பூசினார்களாம். நீர் நிரப்பிய அன்றிரவே சுவர் பசையைப் பிய்த்துக்கொண்டு மிதந்தெழுந்து, குறுக்குக் கண்ணாடியை உடைத்துவிட்டது. அதை மேஸ்திரி ஒளிக்காமல் சொன்னார். அதன்பின் கனத்தைக் குறைக்கும் பேச்சே இங்கு இல்லை.

இவ்வளவும் பத்து நாள் வேலை. ஈரச் சாக்குக்கு அடியில் ஒரு வாரம் கிடந்து இறுகிய பின் துண்டுகள் அக்காவின் வசம் போகின்றன.

சிமெண்டு இறுகும்போது அதற்குள் சுண்ணாம்பு உண்டாகிறது. அது நீரில் கசிந்தபடியே இருக்கும். கடல்நீரின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். எண் எட்டுக்குச் சற்று மேலே இருப்பது. புதிய சிமெண்டுக் கல் ஊறிய நீரோ பன்னிரண்டை எட்டிப்பிடிக்கும். அந்நீரில் பாசியும் பிழைக்காது, மீனும் பிழைக்காது. ஆகவே துண்டுகளைப் பெரிய தொட்டிகளில் அமிழ்த்தி, தினமும் நீரை இறைத்து மாற்ற வேண்டும். அக்கா அதிகாலையில் வந்து, குடம் குடமாக இறைத்துக் கொட்டிவிட்டுப் புதுநீர் நிரப்புகிறார். அவர் கைகளில் சுண்ணாம்பு தின்ற வெடிப்புகளைக் கண்டேன். கையுறை இருந்தாலும், ஒவ்வொரு பொந்தாகத் தடவிப் பார்ப்பதற்கு அது இடைஞ்சல் என்று கழற்றிவிடுகிறார்.

நீர் பதமாகிவிட்டதை எப்படி அறிவீர்கள் என்று கேட்டேன். மின்சாரக் கருவி ஒன்று மேசைமேல் இருக்கத்தான் இருந்தது. அக்காவோ மாடத்திலிருந்து, மஞ்சள் நீரில் தோய்த்து உலர்த்திய காகிதத் துண்டுகளை எடுத்து வந்து, ஒன்றைத் தொட்டி நீரில் நனைத்தார். காகிதம் கண்ணெதிரே ஆரத்தி நீர்போல் சிவந்தது.

“மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா சிவக்கும் இல்ல சார், அதே கணக்குதான். சிவக்காத நாள்ல கல்லு பழுத்துடுச்சுன்னு அர்த்தம். அப்புறம் தம்பி மிஷின்ல பார்ப்பார்” என்றார்.

மணமக்களுக்குச் சுற்றிக் கொட்டும் ஆரத்தியில் எத்தனை முறை இந்த ரசாயனத்தைக் கண்ணாரக் கண்டும் கருதாமல் விட்டிருக்கிறேன்! அந்த ஒரு கணத்துக்காகவே அந்த மண் பாதையில் எத்தனை முறை வேண்டுமானாலும் நடக்கலாம்.

வினிகரில் ஊறவைத்தால் சீக்கிரம் முடியாதா என்ற என் யோசனையை மேஸ்திரி ஏற்கவில்லை. அமிலம் மேல் சுண்ணாம்பை நீக்கும்போதே கிளிஞ்சலையும் தின்றுவிடும். உள்ளேயிருப்பது பிறகு மெல்ல வெளிவரும் என்பது அவர் அபிப்பிராயம். நானும் அதை ஒப்புகிறேன்.

முப்பத்தெட்டாம் நாள் மஞ்சள் மஞ்சளாகவே நின்றது என்று செய்தி வந்தது. நான்காம் முறை நான் போனபோது சுவர் தொட்டிக்குள் ஏறியிருந்தது. முந்நூறு லிட்டர் நீருக்குப் பத்தரைக் கிலோ கடலுப்புத் தூளைக் கரைத்து, ஒரு நாள் ஓடவிட்டிருந்தார்கள். வளர்ப்புத் தொட்டியிலிருந்து வெட்டிய பாசித் துண்டுகளை இளைஞர் ஒவ்வொன்றாக எடுத்துத் தர, மேஸ்திரி அவற்றைத் துளைகளில் செருகினார். மண்டபம் பக்கத்தில் கஞ்சிப்பாசி என்று பெண்கள் மூழ்கிப் பறிக்கும் வகை கீழ்ப் படியில். திராட்சைக் கொத்துப் போன்ற காலெர்ப்பா ஒரு மூலையில் மட்டும். காலெர்ப்பாவின் வகையொன்று 1984இல் மத்தியதரைக் கடலில், மொனாக்கோ காட்சிசாலைக்குக் கீழேயுள்ள நீரில் முதன்முதல் காணப்பட்டு, பின்பு பெரும் பரப்பில் பரவிக் கடலடிப் புல்வெளிகளை மூடிய வரலாற்றை இளைஞர் நன்கு அறிந்திருக்கிறார். கழித்த துண்டு எதையும் இங்கே நீர்நிலையில் எறிவதில்லை. வெயிலில் சருகாகும்வரை காயவைக்கிறார்கள். மாற்றிய உப்புநீரும் ஏரிப் பக்கம் போவதில்லை.

மாலை விளக்கு எரிந்தபோது, சிமெண்டு என்பது மறந்துபோயிற்று. நீரோட்டத்தில் பாசிகள் ஒரே திசையில் சாய்ந்து மீண்டன. இன்னும் ஆறு மாதத்தில் சுவர் கண்ணுக்கே தெரியாது, பாசி மூடிவிடும் என்று மேஸ்திரி சந்தோஷமாகச் சொன்னார். தான் செய்தது மறைந்துபோவதையே வெற்றியாகக் கொள்ளும் கைவினைஞரை நான் அதுவரை சந்தித்ததில்லை.

ஒரு விஷயம் மட்டும் என் மனத்தை உறுத்தியது. சுவருக்கான கூலி துண்டுக் கணக்கில் பேசப்படுகிறது. ஊறப்போடும் நாட்களை வாங்குவோர் வேலையாகக் கருதுவதில்லை. சென்ற வருஷம் ஒருவர் பன்னிரண்டாம் நாளே சுவரை வற்புறுத்தி எடுத்துப் போய், மூன்றாம் நாள் தொட்டியில் எல்லாம் செத்துவிட, பாக்கிப் பணத்தையும் கொடுக்க மறுத்துவிட்டாராம். அந்த நஷ்டத்தில் அக்காவின் இரண்டு வாரக் கூலியும் சேர்ந்தே போயிற்று.

இப்படியொரு சுவரைச் செய்யச் சொல்லும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கடற்பாறையைக் கேட்காதீர்கள், செய்த பாறையை அவசரப்படுத்தாதீர்கள், விலை பேசும்போது, நீர் மாற்றுகின்ற அந்த நாற்பது நாளையும் கூலிக் கணக்கில் சேர்த்துப் பேசுங்கள்.